மலர்முகம்

ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தபோது, வானேணி என்ற நிறுவனம் மட்டும் குழந்தைகளை மேதைகளாக்கக் கிளம்பியது.

வந்திருந்தது புதுக் காய்ச்சல். அரசாங்கம் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஜனங்கள் தூங்குமூஞ்சிக் காய்ச்சல் என்றார்கள். வந்தால் ஆள் தூங்கிவிடுவார், எழுப்பினால் எழமாட்டார். மூன்று நாளுக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்தும் குளுக்கோஸும் ஏற்றினால், நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். மூன்று நாள் தாண்டிவிட்டால் பிழைப்பது அபூர்வம். இப்படி ஒரு நோய் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூரில் படித்தவர்களும் வசதியானவர்களும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "லீவுல பையன் சும்மா இருந்தா என்னங்க ஆவான்?"

சும்மா இருந்தால் குழந்தையாகவே இருந்துவிடுவான், அந்தப் பயம்தான். அதற்கு மருந்தாக வந்தது வானேணியின் 'இளம் மேதைகள் இணைய முகாம்'. எட்டு மணிக்கு யோகா. ஒன்பதுக்கு ரோபோ. பத்துக்கு, செவ்வாய் கிரகத்தில் குடியேறுவது எப்படி. பதினொன்றுக்குப் படைப்பூக்கம்.

படைப்பூக்கம் என்பது நான். பெயர் சுகந்தி. இருபது வருடம் கல்லூரியில் தமிழ் நடத்தி, காய்ச்சலைச் சாக்கு வைத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். அச்சேறாத நாவல் ஒன்று பீரோவில் பூச்சி உருண்டை வாசத்தோடு இருக்கிறது. காகிதத்தில் கப்பல் மடிப்பதையும் கதை எழுதுவதையும் ஒரே மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். இதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்காது என்று நானும் நம்பினேன்.

திரையில் நாற்பது கட்டங்கள், நாற்பது முகங்கள். முதல் வாரம் அவை நிஜமான முகங்களாக இருந்தன. ஒருவன் மூக்கை நோண்டுவான். ஒருத்தி பென்சிலின் பின்பக்கத்தைத் தின்பாள். ஆதிரன் என்ற பையனுக்குப் பின்னால் அவன் அப்பா துண்டோடு குறுக்கே போவார். முப்பத்தேழு பேர் கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள். மீதி மூன்று பேர் 'அன்பு இடம்'. அதாவது, ஏழைக் குழந்தைகள் மூவருக்கு வானேணி இலவசமாக டேப்லெட் கொடுத்து, கொடுத்ததை ஐந்து கோணத்தில் படம் எடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொண்டது. அந்த டேப்லெட்டில் வகுப்பைத் தவிர வேறெதுவும் திறக்காது. ஏழைக் குழந்தை கார்ட்டூன் பார்த்துக் கெட்டுவிடக் கூடாதாம்.

அந்த மூவரில் ஒருத்தி தாரணி. திருப்பூர், வயது ஒன்பது. அப்பா இல்லை. அம்மா செல்வமணி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். தாரணி கொட்டாவி விட்டால் உள்நாக்கு தெரியும். முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வகுப்பு முழுக்க அதை நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடுவாள். எனக்கு வலது கட்டைவிரலில் நகம் பாதிதான் இருக்கும். கல்லூரி நூலகக் கதவு நசுக்கியது. காகிதம் மடிக்கும்போது அதைப் பார்த்து, "அய்யே" என்று நாலைந்து பேர் முகம் சுளித்தார்கள். தாரணி மட்டும், "வலிச்சுதுங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

முதல் வார முடிவில் பெற்றோர் கூட்டம். ஆதிரனின் அம்மாதான் ஆரம்பித்தார்.

"மிஸ், எங்க ஆதிரனால கான்சன்ட்ரேட் பண்ணவே முடியலீங்க. கீழ வரிசையில ஒரு பொண்ணு கொட்டாவியா விட்டுட்டு இருக்கறா. அதைப் பார்த்துப் பார்த்து இவனுக்கும் வந்துருது."

இன்னொரு அப்பா சேர்ந்துகொண்டார். "கொட்டாவி ஒட்டுவாரொட்டிங்க. ஒட்டக் கூடாதுன்னுதான் ஆளாளுக்கு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கோம். இங்கயும் வந்து ஒட்டுச்சுன்னா எப்படிங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் தமாஷுக்குச் சொல்லவில்லை. நிறுவனர் வருண், எப்போதும் போடும் கறுப்பு டி-ஷர்ட்டில், மிகவும் கவலையாகத் தலையை ஆட்டினார். "புரியுதுங்க. பாசிட்டிவான சூழல் குழந்தைகளோட உரிமை" என்றார். மூன்றே நாளில் மலர்முகம் வந்துவிட்டது. காய்ச்சலுக்கு மருந்து வர எட்டு மாதம் ஆகியிருந்தது.

மென்பொருள் பிரிவின் தலைவர் கிருபாகரன் போனில் எனக்கு விளக்கினார். நல்ல பையன். நல்ல பையன்களால் வரும் கேட்டுக்கு அளவே இல்லை.

"சிம்பிள்ங்க மிஸ். முதல் வாரத்துல ஒவ்வொரு குழந்தையும் முகம் மலர்ந்து பார்த்த நேரம்னு ஒன்னு இருக்குமில்லீங்க? அந்த முகத்தை எடுத்துக்குவோம். இனிமே அவங்க எப்படி உக்காந்திருந்தாலும் அந்த முகம்தான் தெரியும். கண்ணு சிமிட்டும், தலையாட்டும், 'யெஸ் மிஸ்'ங்கும்."

"கொட்டாவி விட்டா?"

"தாராளமா விட்டுக்கலாம்ங்க. யாருக்கும் தெரியாது."

"கப்பல் மடிச்சுக் காட்டினா எனக்குத் தெரியணுமே."

"அது தெரியும்ங்க. கையும் கையில இருக்கற சாமானும் அப்படியே அசல்தான். முகத்தை மட்டும்தான் மாத்தறோம்."

"குழந்தை தன்னோட கட்டத்தைப் பார்த்தா பயந்துக்காதா?"

"அவங்கவங்க கட்டத்துல அவங்கவங்களுக்கு அசல் முகமே தெரியும்ங்க. மத்தவங்களுக்குத்தான் மலர்முகம். அப்புறம் கவனமானி இருக்குதில்லீங்க, கண்ணு எவ்வளவு நேரம் திரையில இருக்குதுன்னு அளக்கறது, அதுவும் அசல் முகத்தைத்தான் அளக்கும். ரிப்போர்ட்டுல நாங்க பொய் சொல்ல மாட்டோம்ங்க."

"சத்தம்?"

"குக்கர் விசில், வீட்டுச் சண்டை, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு எல்லாத்தையும் வடிகட்டிப்போடுவோம். வடிகட்டினது 'பிறகு பேசலாம்'னு ஒரு பெட்டியில போய் விழுந்துக்கும்."

"அதை யாரு கேப்பாங்க?"

"அதுக்கு ஆள் போடறதா இருக்கோம்ங்க."

பிறகு ஒப்புதல் படிவம் அனுப்பினார். 'வகுப்பில் உள்ள அனைவருக்கும் மலர்முகம் பொருத்தப்படும் என்பதை அறிவேன், சம்மதிக்கிறேன்.' நான் படிக்காமல் கையெழுத்துப் போடவில்லை. படித்தேன். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று படித்தேன். இல்லை என்றதும் திருப்தியாக விரலால் கிறுக்கி அனுப்பினேன். இருபது வருடம் தமிழ் நடத்தியதன் பலன் அவ்வளவுதான்.

அதைவிடக் கேவலம், எனக்கு மலர்முகம் பிடித்திருந்தது. மறுநாள் வகுப்பைத் திறந்ததும் நாற்பது முகங்கள் என்னைப் பார்த்து மலர்ந்தன. கல்லூரியில் இருபது வருடத்தில் ஒரு நாளும் எனக்குக் கிடைக்காத கூட்டம். நான் எது சொன்னாலும் ரசித்தார்கள். என் அச்சேறாத நாவலிலிருந்து ஒரு பத்தியை எடுத்து வாசித்தேன், அதற்கும் தலையாட்டினார்கள். ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு அந்தப் பத்தி ஒரு வரிகூடப் புரிந்திருக்காது. எனக்கு அது தெரியும். இருந்தாலும் அன்று சாயங்காலம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சட்னி அரைத்தேன்.

இப்படி மூன்று வாரம் ஓடியது. செவ்வாய் கிரகத்தில் குடியேறுவது எப்படி என்பதில் குழந்தைகள் கரை கண்டுவிட்டதாக வருண் பேட்டி கொடுத்தார்.

ஐந்தாவது வாரத்துக்குத் 'திகில் வாரம்' என்று நானே பெயர் வைத்தேன். திங்கட்கிழமை கொடுத்த பயிற்சி: ஒரு தாளில் திகில் கதையின் ஆரம்ப வரிகளை எழுத வேண்டும். எழுத்து வெளியே தெரிகிற மாதிரி அந்தத் தாளைக் கப்பலாக மடித்துக் காட்ட வேண்டும். முதலில் ஆதிரன் காட்டினான். 'நான் கண்விழித்தபோது உலகமே தூங்கிக்கொண்டிருந்தது.' அவன் அம்மா எழுதிக் கொடுத்தது, கையெழுத்தும் அவருடையதுதான். பாதிப் பிள்ளைகளின் கதையில் தூங்குமூஞ்சிக் காய்ச்சல்தான் வில்லன். செய்தியில் அது, தெருவில் அது, கதையில் மட்டும் வேறென்ன வரும்?

அப்புறம் தாரணி காட்டினாள். கப்பல் சரியாக மடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தது.

'எங்கம்மா சனிக்கிழமையிலிருந்து எந்திரிக்கல. கதவுல தகரம் அடிச்சிருக்குது. யாருமே வர மாட்டீங்கறாங்க. மிஸ் நீங்க வாங்க.'

கப்பலுக்கு மேலே தாரணியின் முகம் அழகாக மலர்ந்திருந்தது. கண்ணில் ஒரு குறும்பு. பார்த்தால் யாருக்கும் தோன்றும், என்னமாய்ப் புனைகிறது இந்தக் குட்டி என்று. எனக்கும் தோன்றியது. நான் சும்மா பாராட்டவில்லை, விளக்கிப் பாராட்டினேன்.

"சபாஷ் தாரணி! எல்லாரும் கவனிங்க. இந்தக் கதையில என்ன விசேஷம்? கடைசி வரியைப் பாருங்க. 'மிஸ் நீங்க வாங்க'. படிக்கிற நம்மளையே கதைக்குள்ள கையைப் பிடிச்சு இழுக்குறா. பெரிய எழுத்தாளர்கள் செய்யற வேலை இது. தாரணிக்கு அஞ்சு ஸ்டார்!"

பொத்தானை அழுத்தினேன். தாரணியின் கட்டத்தில் ஐந்து தங்க நட்சத்திரங்கள் கைதட்டல் ஓசையோடு உதிர்ந்தன. அவள் முகம் தலையாட்டியது. "யெஸ் மிஸ்" என்றது. நான் அடுத்த கப்பலுக்குப் போனேன். மணி பதினொன்றே கால். ஒரு குழந்தையின் அலறலை நடை நன்றாக இருக்கிறது என்று மெச்சுவதற்குக் கல்லூரியில் முறையாக இலக்கியம் படித்திருக்க வேண்டும். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற ஒரு பெண் அந்தத் தாளைப் படித்திருந்தால் அடுத்த நிமிடம் போனை எடுத்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை. கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு அதைப் பற்றித் திகில் கதை சொல்ல வேண்டும். ஆதிரன் டிரோன் காட்டினான். ஒருத்தி தொலைநோக்கி. ஒருவன் அவன் அப்பாவின் கோல்ஃப் கோப்பை, அதற்குள் பிசாசாம்.

தாரணி உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒரு பல் இருந்தது. வேரில் காய்ந்த ரத்தம்.

"அட, யாரோட பல் இது? வேம்பயர் பல்லா?" என்று கேட்டுச் சிரித்தேன். தாரணியின் முகமும் சிரித்தது. பல் வரிசை முழுசாகத் தெரிந்தது. முன்பல் இருந்தது. ஆடிக்கொண்டிருந்ததே, அந்தப் பல்.

அந்தப் பல் வாயிலும் இருந்தது, கையிலும் இருந்தது.

மூன்று வாரமாக நான் பார்ப்பது முகம் இல்லை என்று எனக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டவளே நான்தான். தெரிந்திருந்தும் அது இந்த நிமிடம்தான் உறைத்தது. தாரணியின் கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. நேற்றும் நடுங்கியிருக்குமோ? நேற்று நான் கையைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தேன். சனிக்கிழமையிலிருந்து எந்திரிக்கல. மிஸ் நீங்க வாங்க.

"தாரணி! பல்லு எப்ப விழுந்துது? அம்மா எங்கே? அம்மா எந்திரிச்சாங்களா? தாரணி, சொல்லும்மா!" கத்தினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. என்னுடைய கட்டத்தில் என் முகம் கோணிக்கொண்டு கிடந்ததை நானே பார்த்தேன். தாரணி சிரித்தபடி, "யெஸ் மிஸ்" என்றாள். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

கிருபாகரனைக் கூப்பிட்டேன். "மலர்முகத்தை ஆஃப் பண்ணுங்க. இப்பவே."

"என்னங்க மிஸ் ஆச்சு? முப்பத்தேழு வீட்டுல பேரண்ட்ஸ் லைவ்ல பார்த்துட்டு இருக்காங்க. வருண் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தானுங்க..."

"அந்தப் பொண்ணு செத்துட்டிருக்கற அம்மாவோட வீட்டுக்குள்ள இருக்குதுய்யா! அந்தப் பெட்டி, 'பிறகு பேசலாம்', அதைத் திற!"

திறந்தார். தாரணியின் பெயரில் இருநூற்றுப் பதினாலு ஒலித்துண்டுகள். எல்லாம் நேற்றும் இன்றும் விழுந்தவை. ஒன்றை ஓட்டினார், போன் வழியாகக் கேட்டேன். அடைத்துப்போன சின்னக் குரல்.

"மிஸ், எங்கம்மா எந்திரிக்கவே மாட்டீங்கறாங்க. ஸ்பூன்ல தண்ணி குடுத்தேன், வெளிய வந்துருது."

அடுத்தது. "அம்மா போனு அம்மா கண்ணைத் தொறந்தாத்தான் தொறக்கும். மூஞ்சிக்கு நேராப் புடிச்சுப் பார்த்தேன் மிஸ்."

அடுத்தது. "பால் கொண்டாற அண்ணன் ஜன்னல்ல பையை மாட்டுனாங்க. அம்மா எந்திரிக்கலீங்கண்ணான்னு சொன்னேன். ஓடிட்டாங்க."

அடுத்தது. "மிஸ், ஏன் மிஸ் சிரிக்கறீங்க?"

திங்கட்கிழமை நான் சிரித்தேன்தான். அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கிருபாகரன் மறுமுனையில் மூக்கை உறிஞ்சினார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அதற்கு முன்னால் என்னை அறைய வேண்டியிருந்தது.

முகவரி உடனே கிடைத்தது. விளம்பரத்துக்குப் படம் எடுக்கப் போனவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். 108-க்குச் சொன்னேன். அவர்கள் இருபது நிமிடத்தில் போய்விட்டார்கள், தகரத்தைப் பிரித்து உள்ளே நுழைந்தார்கள். நடந்தது அப்புறம்தான் முழுசாகத் தெரிந்தது. செல்வமணியின் கம்பெனியில் யாருக்கோ காய்ச்சல் வந்ததும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாநகராட்சி ஆட்கள், யாரும் வெளியே வராதபடி, இவர்கள் வீட்டுக் கதவில் தகரம் அடித்திருக்கிறார்கள். அன்று இரவு படுத்தவர் எழவில்லை. சனி, ஞாயிறு வகுப்பு கிடையாது. தாரணி ஜன்னலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒன்றொன்றாகச் சாத்திக்கொண்டன. பூட்டிய போனிலிருந்தும் 108-க்குப் பேசலாம் என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. செவ்வாய் கிரகத்தில் தண்ணீர் எடுப்பது எப்படி என்று நாங்கள் சொல்லித் தந்திருந்தோம்.

அதனால் அவள் திங்கட்கிழமைக்குக் காத்திருந்தாள். திங்கட்கிழமை மிஸ் வருவார்கள். மிஸ்ஸிடம் சொன்னால் போதும்.

திங்கட்கிழமை பதினொன்றேகால் மணிக்குச் செல்வமணிக்கு மூன்று நாள் ஆகியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பகலில் தாண்டிவிட்டிருந்தது. வியாழக்கிழமை அவர் இறந்துபோனார். டாக்டர்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குக் கணக்குத் தெரியும். இடையில் இருந்த ஒரு நாளை ஐந்து நட்சத்திரம் போட்டு நான்தான் தின்றேன்.

வெள்ளிக்கிழமை முகாமில் இரங்கல் நிகழ்ச்சி நடந்தது. வருண், "வானேணி ஒரு குடும்பம்" என்றார். இரண்டு நிமிடம் மௌனம். மலர்முகத்தை அணைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. முப்பத்தொன்பது குழந்தைகள் இரண்டு நிமிடமும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி செல்வமணிக்கு அஞ்சலி செலுத்தினார்கள். முடிந்ததும் ஆதிரனின் அம்மா குழுவில் எழுதினார்: 'மிகவும் கண்ணியமாக நடந்தது. ஆனால் பதினொரு மணி வகுப்பு ரத்தானதற்கு மாற்று வகுப்பு உண்டா?' அந்தச் செய்திக்குக் கீழே பதினான்கு கட்டைவிரல்கள் உயர்ந்திருந்தன.

சனிக்கிழமை வாராந்தர ரிப்போர்ட் வந்தது. இந்த வாரத்தின் முழுக்கவன விருது: தாரணி, திருப்பூர். கவனமானியில் நூற்றுக்கு நூறு. 'திங்கள், செவ்வாய் இரு நாள்களும் எட்டு மணி வகுப்பு தொடங்கியது முதல் ஒரு கணமும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகாம் வரலாற்றில் இதுவே முதல் முறை.'

கிருபாகரன் கூப்பிட்டார். "சிஸ்டம் தானா அனுப்பிருச்சுங்க மிஸ். நான் பார்க்கலீங்க."

"பொய் சொல்லலையே. ரிப்போர்ட்ல பொய் சொல்ல மாட்டோம்னு சொன்னீங்களே."

அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் அதிகம் என்று கேள்வி.

தாரணியை அவிநாசியிலிருந்து வந்த பெரியம்மா கூட்டிப் போனார். தனிமைக் காலம் முடிந்த பிறகு பார்க்கப் போகலாம் என்று அனுமதி வாங்கினேன். விஷயம் வருண் காதுக்குப் போய், அவரே பேசினார்.

"போறதுதான் போறீங்க மிஸ், அந்த சர்டிபிகேட்டையும் கையோட குடுத்துருங்க. குழந்தைக்கு ஒரு மோட்டிவேஷனா இருக்கும். முடிஞ்சா ஒரு போட்டோ."

அந்த மனிதர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். கெட்டவனாக இருந்தால் காறித் துப்பிவிட்டு வந்துவிடலாம். இவரிடம் துப்பினால், "உங்க உணர்வை மதிக்கிறேன் மிஸ்" என்று துடைத்துக்கொள்வார். சர்டிபிகேட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். நான் அதையும் செய்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வேலையை விடுகிறேன் என்று எழுதிய கடிதமும் அன்று என் போனில் இருந்தது. அனுப்பியிருக்கவில்லை.

அவிநாசியில் ஓட்டு வீடு. வாசலில் பெரியம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் எந்த மலர்ச்சியும் இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. "அதோ, அங்க உக்காந்திருக்குது பாருங்க. யாருகிட்டயும் பேசறதில்லீங்க" என்றார்.

தாரணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். திரையில் பார்த்ததைவிட ரொம்பச் சின்னப் பெண். முன்பல் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. எட்ட நின்று முகக்கவசத்தை இறக்கினேன்.

"தாரணி, எப்படிம்மா இருக்கே?"

"யாருங்க நீங்க?"

"சுகந்தி மிஸ். படைப்பூக்கம்."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நிதானமாகத் தலையை ஆட்டினாள். "இல்லீங்க. நீங்க இல்லீங்க. எங்க மிஸ் சிரிச்சுட்டே இருப்பாங்க."

"எப்பவுமா சிரிச்சேன்? நீ பல்லைக் காட்டினியே, அன்னைக்கு நான் கத்தினேனே. அழுதேனே. அம்மா எங்கேன்னு கேட்டேனே, ஞாபகமில்லையா?"

"நான் பார்த்துட்டேதானுங்க இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. யாரோ ஒருத்திக்கு நடந்ததை எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னாள். "மிஸ் அழுகலீங்க. அம்மா எந்திரிக்கலைன்னு சொல்லிச் சொல்லி நான் அழுதேன், என் கட்டத்துல நான் அழுகறது எனக்கே தெரிஞ்சுது. மிஸ் பார்த்துச் சிரிச்சாங்க. பேப்பர்ல எழுதிக் காட்டுனேன், அப்பவும் சிரிச்சாங்க. பல்லைக் காட்டுனேன். அப்பவும் சிரிச்சு, தலையாட்டி, 'வெரி குட்'டுன்னாங்க."

வகுப்பில் உள்ள அனைவருக்கும். ஒற்றுப்பிழை இல்லாத அந்த வாக்கியம். அனைவர் என்றால் குழந்தைகள் என்று நான் எடுத்துக்கொண்டேன். என் கட்டத்தில் எனக்கு என் அசல் முகம் தெரிந்துகொண்டிருந்தது. அவளுடைய திரையில் இருந்தவள் வேறொருத்தி. என் கத்தல் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, வடிகட்டிவிட்டார்கள். இரண்டு நாள் முழுக்க அந்தக் குழந்தை கண்ணை எடுக்காமல் பார்த்தது, தன் அழுகையை ரசித்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளையை. நான் அவளுடைய பல்லைப் பார்த்துத் துடித்ததும், ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் அவளுக்குத் தெரியவே தெரியாது.

இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வாய் வந்தது. சொன்னால் யாருக்கு நிம்மதி? எனக்குத்தான். பேசாமல் கல்லுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போலிருந்தது. பையில் கையை விட்டதும் சர்டிபிகேட்தான் வந்தது. கெட்டித் தாள். ஒரு ஓரத்தில் தாரணியின் மலர்முகம், முன்பல்லோடு. அதை உள்பக்கமாக வைத்து மடிக்க ஆரம்பித்தேன். நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒன்று, இரண்டு மூலையும் நடுவுக்கு. நகம் பாதி இல்லாத கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தித் தேய்த்தேன்.

தாரணி கல்லைவிட்டு இறங்கி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் கட்டைவிரலையே பார்த்தாள். கப்பல் முடிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அப்புறம்தான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ, அஞ்சு ஸ்டார் போட்டது நீங்கதானுங்களா?"

"ஆமா" என்றேன்.

கப்பலை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.